எழுத்தாளர்கள் ரேடியோவ வச்சு பண்ண சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல இது என்ன, ரேடியோ நாடகம்தானே?

ரேடியோ நாடகம்னா நமக்குத் தெரிஞ்சது ஒரு கதை, அதுக்கு நாலஞ்சு பேர் குரல், நடுவுல கதவு தட்டுற சத்தம், இடி மழை, அவ்ளோதான். ஆல் இந்தியா ரேடியோல போட்ட ஒலிச்சித்திரம் பலருக்கு ஞாபகம் இருக்கும், ஒரு சினிமாவோட வசனத்தையும் பாட்டையும் வெட்டி ஒட்டிப் போடுவாங்க, படத்த நாம மனசுல ஓட்டிக்கணும். அங்க சத்தம் வேற ஒண்ணுக்குப் பதிலா நிக்குது. நான் இங்க சொல்லப்போறது அப்படி இல்ல. இதுல மேடையும் இல்ல, படமும் இல்ல, அச்சுல வந்த புத்தகத்த வாசிக்கிறதும் இல்ல, குரலும் மூச்சும் இரைச்சலும் மௌனமும்தான் விஷயமே. 1920கள்லேர்ந்து 1970கள் முடிய ஐரோப்பாவுல கொஞ்சம் கவிஞர்களும் நாவலாசிரியர்களும் நாடகக்காரங்களும் மைக்க இப்படி எடுத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணும் ஆரம்பத்துலயே சொல்லிடறேன், ஏன்னா கீழ திரும்பத் திரும்ப வரும். இதுல நமக்குத் தெரியிறது எழுத்தாளர் பேர் மட்டும்தான். ஆனா ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னாடியும் ரேடியோ நிலையத்துல மாச சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒருத்தர் இருக்காரு, அவர்தான் அந்த எழுத்தாளர உள்ள கூப்பிட்டு ஸ்டுடியோவையும் ஆளையும் குடுத்து, மேலதிகாரிகிட்ட பதிலும் சொன்னவரு. அவங்க இல்லாம இந்த வரலாறே கிடையாது, ஆனா அவங்களப் பத்தி யாரும் ரெண்டு வரி எழுதுறதில்ல.

யாரு முதல்ல ஆரம்பிச்சது?

யோசனைனு பார்த்தா ரஷ்யக் கவிஞர் வெலிமீர் க்ளெப்னிக்கோவ். 1921ல எதிர்கால ரேடியோவப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு, அப்ப அங்க ஒழுங்கான ஒலிபரப்பே வரல. நாட்டுக்கே ஒரு பெரிய ரேடியோ நிலையம், அதுலேர்ந்து செய்தி, பாட்டு, பாடம் மட்டுமில்லாம ருசியும் வாசனையும்கூட அனுப்பலாம்னு எழுதினாரு. அடுத்த வருஷமே செத்துட்டாரு.

செஞ்சு காட்டினதுனு பார்த்தா ஜெர்மனில ஃப்ராங்க்ஃபர்ட் நிலையத்தோட கலை இயக்குநர் ஹான்ஸ் ஃப்ளெஷ், 1924 அக்டோபர்ல. ஒரு சாதாரண இசை நிகழ்ச்சி ஒலிபரப்பாகுற மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல சம்பந்தமில்லாத குரலும் சத்தமும் நுழைஞ்சு நிலையமே கலாட்டாவாகிப் போற மாதிரி ஒரு நாடகம் எழுதிப் போட்டாரு. ஜெர்மன் ரேடியோவோட முதல் நாடகம்னே அதத்தான் சொல்வாங்க. ரேடியோ பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள, ரேடியோவப் பத்தியே ஒரு ரேடியோ நாடகம்!

இத்தாலில, ஃப்யூச்சரிஸம்ங்கிற கலை இயக்கத்த ஆரம்பிச்ச கவிஞர் மரினெட்டியும் பினோ மஸ்னாட்டாவும் 1933ல ஒரு அறிக்கை விட்டாங்க, ரேடியோ கலைனா நாடக மேடையும் இருக்கக்கூடாது, சினிமாவும் இருக்கக்கூடாது, புத்தகமும் இருக்கக்கூடாதுனு. மரினெட்டி எழுதின குட்டிக் குட்டி ரேடியோ துண்டுகள் இன்னைக்குப் படிச்சாலும் சுவாரஸ்யமா இருக்கும். ஒண்ணுல 11 செகண்ட் ரோம்ல ராணுவ மார்ச், 11 செகண்ட் சான்டோஸ்ல டாங்கோ, 11 செகண்ட் டோக்கியோல கோயில் இசை, 11 செகண்ட் நியூயார்க்ல குத்துச்சண்டை, இப்படியே போகும், தூரம்தான் அதுல கதாபாத்திரம். ஆனா இந்த மரினெட்டி முசோலினிக்குக் கடைசி வரைக்கும் கூட நின்ன ஆளு, அத மறைச்சுட்டு இந்தத் துண்டுகளப் பத்தி மட்டும் பேசறது எனக்குச் சரியாப் படல.

பிரெக்ட் ரேடியோவப் பத்தி ஏதோ சொன்னாருன்னு எல்லாரும் சொல்றாங்களே?

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1932ல சொன்னது. ரேடியோ இப்ப அனுப்புறதுக்கு மட்டும்தான் இருக்கு, அத ரெண்டு பக்கமும் பேசற கருவியா மாத்தணும், கேக்குறவனப் பேசவும் வைக்கணும்ங்கிறது அவர் வாதம். இன்டர்நெட் வந்தப்புறம் எல்லாரும் இத எடுத்துப் போட்டு அப்பவே சொல்லிட்டாருனு எழுதறாங்க, ஆனா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே அவர் செஞ்சு பார்த்தத யாரும் சொல்றதில்ல. 1929 ஜூலைல பாடன் பாடன்ங்கிற ஊர்ல, அட்லாண்டிக் கடல தனியா விமானத்துல தாண்டின லிண்ட்பெர்க் கதைய எடுத்துக்கிட்டு, குர்ட் வைலும் ஹிண்டமித்தும் இசை போட, ஒரு நிகழ்ச்சி பண்ணாரு. மேடைய ரெண்டாப் பிரிச்சு ஒரு பக்கம் ரேடியோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவும் பாடகர்களும், கடல், பனிமூட்டம், தூக்கம் எல்லாம் அவங்க குரல்ல வரும். இன்னொரு பக்கம் கோட்டக் கழட்டி வச்சுட்டு சட்டையோட உக்காந்திருக்கிற ஒரு ஆளு, அவன்தான் வீட்ல இருக்கிற நேயர், விமானியோட பகுதிய அவன்தான் பாடணும். ரேடியோ பாதி, நீ பாதி, ரெண்டும் சேர்ந்தாத்தான் விமானம் கரை சேரும். அப்புறம் லிண்ட்பெர்க் நாஜிகளுக்கு ஆதரவாப் போனதால போருக்குப் பிறகு பிரெக்ட் அந்தப் பேரையே பாட்டுலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டாரு.

வால்டர் பெஞ்சமின் ரேடியோல வேலை பார்த்தாரா?

ஆமா, அந்த ஜெர்மன் சிந்தனையாளர் 80க்கு மேல நிகழ்ச்சி பண்ணிருக்காரு, பெரும்பாலும் பெர்லின்லயும் ஃப்ராங்க்ஃபர்ட்லயும். ஃப்ராங்க்ஃபர்ட்ல அவர உள்ள கொண்டு வந்தது சின்ன வயசு சிநேகிதர் எர்ன்ஸ்ட் ஷோன், அங்க நிகழ்ச்சிப் பொறுப்புல இருந்தவரு. நிறைய குழந்தைங்களுக்காகப் பண்ணது, லிஸ்பன் பூகம்பத்தப் பத்தியெல்லாம் பசங்களுக்குச் சொல்லிருக்காரு. 1932ல காஸ்பர்ல்ங்கிற பொம்மலாட்டக் கோமாளிய ரேடியோ நிலையத்துக்குள்ள கொண்டு வந்து ஒரு நாடகம் எழுதினாரு. மைக் முன்னாடி நிக்க வச்சதும் அவன் வாய்க்கு வந்தபடி ஒருத்தரத் திட்டிட்டு ஓடிடறான், அவன ஊர் பூராத் துரத்தறாங்க, ரயில்வே ஸ்டேஷன், மிருகக்காட்சி சாலைனு. ஒவ்வொரு இடத்துலயும் வர்ற சத்தம் என்னனு பசங்களே கண்டுபிடிச்சு நிலையத்துக்கு எழுதிப் போடணும். காதால மட்டும் ஊர சுத்திப் பாக்க வைக்கிறது, எவ்ளோ அழகான யோசனை!

பெஞ்சமினோட குரல் பதிவு ஒண்ணுகூட இல்ல. அந்த நாடகத்தோட கொலோன் தயாரிப்புல ஒரு துண்டு மிஞ்சிருக்கு, அதுல அவர் குரல் இல்ல. அவரோட கடைசி ஒலிபரப்பு 1933 ஜனவரி 29, மறுநாள் ஹிட்லர் சான்சலர் ஆயிட்டான். ஷோன கைது பண்ணாங்க, பிறகு அவர் லண்டனுக்குப் போயிட்டாரு. மேல சொன்ன ஹான்ஸ் ஃப்ளெஷ்ஷ 1933லயே ஓரானியன்பர்க் வதைமுகாம்ல போட்டாங்க. ரேடியோவ விளையாடவிட்ட ஆபீஸர்களத்தான் முதல்ல தூக்கினாங்கங்கிறத கவனிங்க.

சர்ரியலிஸ்டுகள் ரேடியோ பக்கம் வந்தாங்களா?

சர்ரியலிஸ்டுகள்னா கனவையும் ஆழ்மனசையும் எழுத்துக்குள்ள கொண்டு வந்த பிரெஞ்சுக் கூட்டம். அதுலேர்ந்து கவிஞர் ராபர் தெஸ்னோஸ் வந்தாரு, அதுவும் விளம்பரத்துல வேலை பார்த்துக்கிட்டு. டானிக் விளம்பரத்துக்கெல்லாம் வரி எழுதிக் குடுத்துருக்காரு. 1933 நவம்பர் 3 அன்னைக்கு ஃபான்டோமாஸ்ங்கிற கொலைகாரன் கதைய நீளமான தெருப்பாட்டு மாதிரி எழுதி ஒலிபரப்பினாரு, ஒரு பத்திரிகைத் தொடருக்கு விளம்பரமா. விளம்பரம்தான், ஆனா ஆள் யாருனு பாருங்க: இசை குர்ட் வைல், இசைப் பொறுப்பு பின்னாடி பெரிய நாவலாசிரியரான கூபாக்காரர் அலெஹோ கார்பெந்தியேர், இயக்கமும் ஃபான்டோமாஸ் குரலும் கவிஞரும் நாடகக்காரருமான அந்தோனின் ஆர்தோ. ஒரு விளம்பர நிகழ்ச்சிக்கு இப்படி ஒரு கூட்டணி வேற எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

1938ல தெஸ்னோஸ் இன்னொண்ணு பண்ணாரு. நேயர்கள் அவங்க கண்ட கனவ எழுதி அனுப்பணும், அத நாடகமாக்கி குரல் குடுத்து ஒலிபரப்புவாங்க. ஒரு சாதாரண வீட்டம்மாவோ கிளார்க்கோ ராத்திரி கண்ட கனவு அடுத்த வாரம் ஊர் பூரா கேக்கும். கவிதை எல்லாருக்கும் சொந்தம்னு சர்ரியலிஸ்டுகள் எழுதிட்டே இருந்தாங்க, தெஸ்னோஸ் அத வாராவாரம் நடத்திக் காட்டினாருனுதான் நான் சொல்வேன். 1945 ஜூன்ல தெரேசியன்ஸ்டாட்ங்கிற நாஜி முகாம்ல, விடுதலையானப்புறம், டைஃபஸ் வந்து செத்துப்போனாரு.

ஆர்தோவோட தடை செஞ்ச ஒலிபரப்பு என்ன கதை?

இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஆர்தோ 1937லேர்ந்து 1946 வரைக்கும் மனநோய் மருத்துவமனைகள்ல அடைபட்டுக் கிடந்தாரு, அதுல ரொதேஸ்ங்கிற ஊர்ல ஐம்பதுக்கும் மேல ஷாக் குடுத்துருக்காங்க. சிநேகிதங்க பணம் சேர்த்து வெளிய கொண்டு வந்தாங்க. பல்லு போயி, உடம்பு ஒட்டிப்போயி, ஆனா எழுத்தும் படமும் நிக்காம வந்துக்கிட்டே இருந்த காலம் அது. அப்ப பிரெஞ்சு ரேடியோல நாடக இலக்கியப் பிரிவு ஃபெர்னான் பூவேகிட்ட இருந்துச்சு. கவிஞர்களோட குரல்னு ஒரு வரிசை நடத்தினவரு ஆர்தோவக் கூப்பிட்டு உங்களுக்கு என்ன வேணுமோ செய்யுங்கனு சொல்லிட்டாரு. 1947 நவம்பர் கடைசில பதிவு பண்ணாங்க. குரல் குடுத்தது நாலு பேர்: ஆர்தோ, நடிகை மரியா காஸரேஸ், ரோஜே ப்ளின், ஆர்தோவோட எழுத்தையெல்லாம் பின்னாடி பாதுகாத்துத் தொகுத்த சிநேகிதி, பேரு போல் தெவனென். தலைப்பு, கடவுளோட தீர்ப்ப ஒருவழியா முடிச்சுக் கட்டுறதுக்கு.

அதுல அப்படி என்னதான் இருக்கு?

முதல் பகுதி ஆர்தோவே வாசிக்கிறாரு. அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல சேர்ற பையன்கள்ட்ட விந்து வாங்கி வச்சுக்கிறாங்க, வருங்காலச் சண்டைக்கு சிப்பாய் உற்பத்தி பண்றதுக்குனு ஒரு கற்பனைக் குற்றச்சாட்ட, செய்தி படிக்கிற மாதிரியே அடிச்சு விடறாரு. அடுத்து காஸரேஸ் வாசிக்கிறது டுடுகுரிங்கிற கருப்புச் சூரியச் சடங்கு, 1936ல அவர் மெக்ஸிகோவுல தாராஹுமாரா மக்கள்ட்ட போனதுலேர்ந்து வந்தது. அப்புறம் ப்ளின் குரல்ல மலத்தப் பத்தி ஒரு பகுதி, மனுஷன் உயிரோட இருக்கணும்னு முடிவெடுத்ததுலதான் மலமும் வந்துச்சுங்கிற மாதிரி போகும். தெவனென் ஒரு பகுதி. கடைசில மறுபடி ஆர்தோ, தன்னையே ஒருத்தர் பேட்டி எடுக்கிற மாதிரி, இந்த ஒலிபரப்பால உங்களுக்கு என்ன பிரயோஜனம் திரு ஆர்தோனு கேட்டுக்கிட்டு பதில் சொல்றாரு. உறுப்புகளே இல்லாத உடம்புங்கிற வார்த்தை இங்கதான் வருது, பிற்பாடு தத்துவம் எழுதின டெல்யூசும் கத்தாரியும் எடுத்துக்கிட்டு எழுதினது இதைத்தான்.

ஆனா இது எழுத்துல சொன்னா பாதிதான். பகுதிக்குப் பகுதி நடுவுல கத்தல், முரசு, சைலஃபோன், எந்த பாஷையிலயும் இல்லாத அசைகள். ஆர்தோவோட குரல் ஆம்பளைக் குரலா ஆரம்பிச்சு ஒரே மூச்சுல கிழவி குரலா ஏறும், தொண்டை கிழியிற வரைக்கும் போயிட்டு, உடனே ஒரு வாத்தியார் மாதிரி தெளிவா உச்சரிக்க ஆரம்பிச்சுடும். பலர் இத பைத்தியத்தோட அலறல்னு சொல்லி ஒதுக்கறாங்க, அது தப்பு. அவரு பயிற்சி பெற்ற நடிகர், சினிமால நடிச்சவரு, எங்க மூச்சு எடுக்கணும், எங்க குரல உடைக்கணும்னு ஒவ்வொண்ணும் தெரிஞ்சு பண்றாரு. ரெண்டாவது தடவ கேட்டீங்கன்னா அந்த அலறலுக்குள்ள தாளம் இருக்கிறது பிடிபடும்.

தடை யாரு போட்டது, ஏன்?

1948 பிப்ரவரி 2 அன்னைக்கு ராத்திரி ஒலிபரப்பாக வேண்டியது. முந்தின நாள் ரேடியோ தலைமை இயக்குநர் விளாடிமிர் போர்ஷே நிறுத்திட்டாரு, ஆபாசம், மத நிந்தனை, அமெரிக்க எதிர்ப்புனு. பூவே விடல, சுமார் 50 பேரக் கூப்பிட்டு ஸ்டுடியோல போட்டுக் காட்டினாரு, ழான் கொக்தோ, போல் எலுவார், ரெமோன் கெனோ, ழான் லூயி பரோல்லாம் அதுல இருந்தாங்க. போடலாம்னுதான் அவங்க தீர்ப்பு. போர்ஷே அப்பவும் ஒத்துக்கல. பூவே வேலைய விட்டாரு. இந்த இடத்துல ரேடியோ வரலாறு எழுதறவங்க ஒரு வரில தாண்டிப் போயிடறாங்க, ஆனா அரசாங்க ரேடியோல ஒரு பிரிவுத் தலைவரு ஒரு கவிஞனோட 40 நிமிஷத்துக்காக நாற்காலிய விடறது சின்ன விஷயமே இல்ல.

ஆர்தோ பிப்ரவரி கடைசில தெவனெனுக்கு ஒரு கடிதம் எழுதறாரு, இனிமே ரேடியோ பக்கமே போக மாட்டேன், மெஷின் இருக்கிற இடத்துல எப்பவும் பாதாளமும் சூன்யமும்தான் இருக்கும், இனி நாடகம் ஒண்ணுதான்னு. மார்ச் 4 காலைல பாரிஸ் பக்கத்துல இவ்ரில அவர் அறைல கட்டில் ஓரம் உக்காந்த மேனிக்கே செத்துக் கிடந்தாரு. வயசு 51. அந்த நிகழ்ச்சி பிரெஞ்சு ரேடியோல வர்றதுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு.

தடை சரிதானே, வீட்ல குழந்தைங்க கேக்குற ரேடியோ ஆச்சே?

இந்தக் கேள்விய நான் மதிக்கிறேன், ரேடியோ புத்தகம் மாதிரி இல்ல, கேக்காமலே வீட்டுக்குள்ள வந்துடும். ஆனா அது ராத்திரி நிகழ்ச்சி, கவிஞர் பேரு முன்னாடியே அறிவிச்சாச்சு, வேண்டாங்கிறவங்களுக்கு குமிழ் கைலயே இருக்கு. போர் முடிஞ்சு மூணு வருஷம்கூட ஆகாத நேரத்துல, இன்னொரு போருக்குத் தயாராகுற உலகத்தப் பார்த்து ஒருத்தர் கத்தறாரு. அந்தக் கத்தல் வீட்டுக்குள்ள போகணும்னுதானே அவர் நாடக மேடைய விட்டு மைக்குக்கே வந்தாரு? என் வரைக்கும் போர்ஷே பண்ணது கோழைத்தனம்.

பெக்கெட் ரேடியோவுக்கு எழுதினாருனு கேள்விப்பட்டேன், கோதோ மாதிரியா?

வெயிட்டிங் ஃபார் கோதோங்கிற மேடை நாடகத்தால ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டுக்குப் புகழ் வந்தப்புறம், 1956ல பிபிசி மூணாவது அலைவரிசைக்காரங்க அவர்ட்ட கேட்டாங்க. அவருக்கு ரேடியோ டெக்னிக் ஒண்ணும் தெரியாது, ஆனா ஒரு நடுராத்திரி வண்டிச் சக்கரமும் கால இழுத்து இழுத்து நடக்கிறதும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குறதுமா ஒரு யோசனை வந்துச்சுனு ஒரு சிநேகிதிக்கு எழுதினாரு. கவனிங்க, முதல்ல வந்தது கதையோ ஆளோ இல்ல, சத்தம். அதுதான் ஆல் தட் ஃபால், 1957 ஜனவரி 13 ஒலிபரப்பு, இயக்கம் டோனல்ட் மெக்விண்ணி. மேடி ரூனிங்கிற எழுபது வயசுக் கிழவி, கனத்த உடம்பு, ஐரிஷ் கிராமத்து ரோட்ல கால இழுத்துக்கிட்டு கண்ணு தெரியாத புருஷன அழைச்சுட்டு வர ரயில்வே ஸ்டேஷனுக்குப் போறா. ரயில் லேட். ஏன் லேட்னு புருஷன் சொல்ல மாட்டேங்கிறான். கடைசில ஒரு பையன் சொல்றான், குழந்தை ஒண்ணு ரயில்லேர்ந்து சக்கரத்துக்கு அடில விழுந்துடுச்சுனு. அப்புறம் மழையும் காத்தும், முடிஞ்சுது.

இதுல ஒரு இடம் இருக்கு. ஸ்டேஷன் படிக்கட்டுல மத்தவங்கள்லாம் பேசிக்கிட்டே போறாங்க, கிழவி கொஞ்ச நேரம் பேசல. அப்ப அவ சொல்றா, நான் பேசாம இருக்கேங்கிறதால இங்க இல்லனு நெனச்சுடாதீங்கனு. மேடைல இந்த வசனத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல, அவதான் கண்ணு முன்னாடி நிக்கிறாளே. ரேடியோல வாய மூடினா ஆளே இல்ல, நிஜமாவே இல்லாம போயிடறா, அந்தப் பயம் பூரா அந்த ஒரு வரில இருக்கு. இந்த நாடகம் இருட்டுலேர்ந்து வர்றதுலதான் இருக்குனு சொல்லி மேடைக்குக் குடுக்க அவர் இஷ்டப்படாததுக்குக் காரணம் இதுதான்.

அந்த மிருகச் சத்தம் ஏன் அவ்ளோ செயற்கையா இருக்கு?

வேணும்னே பண்ணது. ஆரம்பத்துல ஆடு, பறவை, மாடு, சேவல்னு ஒண்ணொண்ணா கத்திட்டு அப்புறம் சேர்ந்து கத்தணும்னு பெக்கெட் எழுதிருந்தாரு. பிபிசில நிஜ மிருகப் பதிவுகள் இருந்துச்சு, மெக்விண்ணி அத எடுக்கல, மனுஷங்களையே கத்த வச்சாரு. நாலு மிருகம், அதுக்கேத்த மாதிரி கிழவியோட நடையும் நாலு தாளம், கிராமமே அவ தலைக்குள்ளதான் இருக்குங்கிற மாதிரி. நிஜ மிருகம் போட்டா என்ன குறைனு பெக்கெட்டுக்கு சந்தேகம் இருந்துச்சு. எனக்கு மெக்விண்ணி பக்கம்தான் நியாயம் தெரியுது, நிஜ மாடு கத்திருந்தா அது வெறும் கிராமக் காட்சி ஆயிருக்கும்.

சத்தப் பொறுப்பு பார்த்தது டெஸ்மண்ட் பிரிஸ்கோ. இந்த மாதிரி நாடகங்களுக்கு சாதாரண எஃபெக்ட்ஸ் ரெக்கார்டு பத்தாதுனு ஆனதுல இவரும் டாஃப்னி ஓரமும் சேர்ந்து நச்சரிச்சு, 1958ல லண்டன் மைடா வேல்ல ரேடியோஃபோனிக் வொர்க்ஷாப்னு பிபிசியோட எலக்ட்ரானிக் சத்த ஸ்டுடியோ வந்துச்சு. டாக்டர் ஹூங்கிற டிவி தொடரோட டைட்டில் இசை வந்த இடம்னு எல்லாரும் சொல்ற அதே இடம்தான். அங்க டீலியா டெர்பிஷைர் 1964ல பாரி பெர்மாஞ்ச்னு ஒரு எழுத்தாளரோட சேர்ந்து பண்ணத தேடிக் கேளுங்க, சாதாரண ஜனங்க அவங்க கனவச் சொல்றாங்க, ஓடறது, விழறது, நிலம், கடல், நிறம்னு அஞ்சு பகுதியா வெட்டி எலக்ட்ரானிக் சத்தத்துக்கு மேல மிதக்க விட்டிருக்காங்க. தெஸ்னோஸ் 1938ல விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற மாதிரி இருக்கும்.

டிலன் தாமஸோட அண்டர் மில்க் வுட் இதுல சேராதா?

தாமஸ் வேல்ஸ் நாட்டுக் கவிஞர். அவரோட இந்த நாடகத்த இங்க சொன்ன மாதிரி சோதனைனு நான் சொல்ல மாட்டேன், ஆனா குரல்களுக்கான நாடகம்னு அவரே போட்டாரு. ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன், 1953 அக்டோபர்ல கைப்பிரதியத் தொலைச்சுட்டாரு, அமெரிக்கா கிளம்புற நேரம். பிபிசி தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டன் சோஹோ பக்கம் பப் பப்பா போயி தேடிக் கண்டுபிடிச்சாரு. தாமஸ் நவம்பர்ல நியூயார்க்ல செத்துட்டாரு, 1954 ஜனவரி 25 ஒலிபரப்பாச்சு. மறுபடியும் ஒரு ஆபீஸ்காரர்தான்.

டேப் வந்ததால என்ன மாறுச்சு?

எல்லாமே. முன்னாடி பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு, காத்துல போனது போனதுதான், அதனாலதான் பெஞ்சமினோட குரல் நமக்கு இல்ல. பாரிஸ்ல பியர் ஷாஃபேர் 1948லயே ரெக்கார்டு தட்டுகள வச்சே பதிவு பண்ண ரயில் சத்தத்தத் திருப்பித் திருப்பி ஓட்டி இசையாக்கி ஒலிபரப்பினாரு. அவர் ஆரம்பிச்ச சோதனை ஸ்டுடியோவ 1946லேர்ந்து நடத்தினது ழான் தார்தியூங்கிற ஒரு கவிஞர். அப்புறம் டேப் வந்து பிளேடால வெட்டி ஒட்டலாம்னு ஆனதும் எழுத்தாளருக்கு ஒரு வாக்கியத்த அடிச்சுத் திருத்துற மாதிரி குரலையே திருத்த முடிஞ்சுது. பெக்கெட் டேப் ரெக்கார்டர வச்சு கிராப்ஸ் லாஸ்ட் டேப் எழுதினதுக்கும் பிபிசி பழக்கம்தான் காரணம், பேட்ரிக் மாகீங்கிற நடிகரோட கரகரத்த குரல ரேடியோல கேட்டுட்டு அந்தக் குரலுக்காகவே எழுதினாரு.

ஜெர்மன் புது ரேடியோ நாடகம்னா?

1960கள் கடைசில வந்த அலை. எடுத்துக்காட்டுக்கு ஒண்ணு போதும், வியன்னாக் கவிஞர்கள் எர்ன்ஸ்ட் யாண்டலும் ஃப்ரீடரிக்கே மைரோக்கரும் 1968ல பண்ண அஞ்சு ஆளு மனுஷங்கங்கிற கால் மணி நேரத் துண்டு. ஸ்டீரியோல அஞ்சு ஆம்பளைக் குரல், இடதுலேர்ந்து வலது வரைக்கும் வரிசையா. பிரசவ ஆஸ்பத்திரில பொறக்கிறாங்க, பள்ளிக்கூடம், சினிமா, ராணுவம், கோர்ட்டு, தண்டனை, மறுபடி பிரசவ ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்துலயும் யாரோ கேள்வி கேக்க அஞ்சு பேரும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கிட்டத்தட்ட ஒரே பதில். ஒரு தலைமுறையே வரிசைல நிக்க வச்சு அனுப்பப்பட்டத இதவிடச் சுருக்கமா நான் எங்கயும் கேக்கல. இதுக்குக் கிடைச்ச பரிசோட பேரு போர்ல கண்ணு இழந்தவங்களோட ரேடியோ நாடகப் பரிசு. உண்மையிலேயே போர்ல கண்ணு போனவங்களோட சங்கம் ஆரம்பிச்சது, நடுவர்கள்லயும் அவங்க இருந்தாங்க. எனக்கு நோபலவிட இந்தப் பரிசு மேல மரியாதை அதிகம்.

பெரெக்கோட கம்ப்யூட்டர் நாடகம் பத்தி சொல்லுங்க

ஜார்ஜ் பெரெக் பிரெஞ்சு எழுத்தாளர், e-ங்கிற எழுத்தே வராம ஒரு நாவல் எழுதினவரு. 1968ல ஜெர்மனில சார்லாந்து ரேடியோவுக்கு, மொழிபெயர்ப்பாளர் ஒய்கன் ஹெல்ம்லேவோட சேர்ந்து மெஷின்னு ஒரு நாடகம் பண்ணாரு. கத கிடையாது, ஒரு கம்ப்யூட்டர், ஜெர்மன் கவிஞர் கதே எழுதின எட்டு வரிக் கவிதை ஒண்ண ஆராயுது, மலை உச்சியெல்லாம் அமைதியா இருக்கு, நீயும் சீக்கிரம் ஓய்ஞ்சுடுவனு சொல்ற கவிதை. கம்ப்யூட்டரே இல்ல, நடிகர்கள்தான், மூணு குரல் வேலை செய்யும், ஒரு பொண்ணு குரல் கட்டளை குடுக்கும். வார்த்தைய எண்ணுது, திருப்பிப் போடுது, தலைகீழாக்குது, வேற வார்த்தை மாத்துது, ஒரே கலாட்டா, கொஞ்சம் கொஞ்சமா உலகத்துல மத்த கவிஞர்கள் எழுதின வரிகள்லாம் உள்ள நுழைய, மெஷின் பேச்சு அந்த அமைதிங்கிற வார்த்தையிலயே போயி நிக்குது. இப்ப நாம எல்லாரும் தினமும் மெஷின்ட்ட கவிதை கேக்குற காலத்துல இதக் கேட்டா உடம்பு சிலிர்க்கும்.

பாரிஸ்ல ஒண்ணு பண்ணாரு, 1978 மே 19. கரேஃபூர் மாபியோன்ங்கிற நாலு தெரு கூடற இடத்துல ரேடியோ வண்டி ஒண்ண நிறுத்தி, உள்ள மைக் முன்னாடி உக்காந்து, வெளிய கண்ணுல படறத ஆறு மணி நேரம் போல சொல்லிக்கிட்டே இருந்தாரு. பஸ் போகுது, பச்சை கார், ஒரு பொண்ணு, டாக்ஸி, மறுபடி பஸ். அத ரெண்டு மணி நேரமாச் சுருக்கி, எத்தன குடை, எத்தன லாரினு கணக்கு எடுத்து நடிகர் க்ளோத் பியேப்ளூவ வாசிக்க வச்சு அடுத்த வருஷம் ஒலிபரப்பினாங்க. அதுக்கு இடம் குடுத்தது ஃப்ரான்ஸ் க்யூல்த்தூர் நிலையத்தோட படைப்புப் பட்டறை, அலேன் த்ரூதா ஆரம்பிச்சது, ரெனே ஃபாராபே வருஷக்கணக்கா நடத்தினது.

கேக்கவே போரடிக்குமே?

முதல் பத்து நிமிஷம் அடிக்கும். அப்புறம் அவர் குரல்ல களைப்பு ஏறுறது கேக்க ஆரம்பிக்கும், ஒரு கணம் தயங்குவாரு, ஒண்ணு சொல்லாம விட்டுட்டாரோனு நமக்குப் பதட்டமாகும், தெருவ விட்டுட்டு பாக்குற ஆளப் பாக்க ஆரம்பிச்சுடுவோம். அச்சுல இது வராது, பட்டியல் களைச்சுப் போகாது, குரல்தான் களைக்கும்.

பாஷை தெரியாம இதெல்லாம் கேட்டு என்ன புரியும்?

ஆர்தோவுக்கும் யாண்டலுக்கும் பிரச்சினையே இல்ல, பாதி பாஷையே கிடையாது. பெக்கெட் இங்கிலீஷ்லயே இருக்கு, ஐரிஷ் உச்சரிப்பு பழக கொஞ்சம் நேரம் ஆகும், கைல பிரதிய வச்சுக்கிட்டா போதும். பெரெக்கோட மெஷினுக்கு ஜெர்மன் தெரியாம கஷ்டம், முதல்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பப் படிச்சுடுங்க. மாபியோனுக்கு வீதி, கார், பஸ் மாதிரி ஒரு இருபது பிரெஞ்சு வார்த்தை தெரிஞ்சாலே ஓட்டிடலாம்.

எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

ஆல் தட் ஃபால், 1957 பதிவு, வேற தயாரிப்பு வேண்டாம். மேடியா மேரி ஓ ஃபாரல், புருஷனா ஜே. ஜி. டெவ்லின். எழுபது நிமிஷம் ஒதுக்கணும், நடுவுல நிறுத்தக்கூடாது. ஹெட்ஃபோனவிட சின்ன ஸ்பீக்கர் நல்லது, மோனோ பதிவு அது, ரூம்ல ஒரு மூலைலேர்ந்து வரணும், லைட்ட அணைச்சுடுங்க. அடுத்தது யாண்டல் மைரோக்கர், இதுக்கு மட்டும் ஹெட்ஃபோன் கட்டாயம், இல்லன்னா அஞ்சு பேரும் ஒரே இடத்துல நிப்பாங்க. அப்புறம் டெர்பிஷைரோட கனவுகள். ஆர்தோவ நாலாவதா வைங்க, உபுவெப்ங்கிற வெப்சைட்ல முழுசும் கிடைக்குது. பக்கத்து வீட்ல தூங்குற நேரமா இருந்தா வால்யூம முன்னாடியே குறைச்சு வச்சுக்குங்க, முதல் பகுதி முடிஞ்சதும் வர்ற கத்தல் சொல்லிட்டு வராது.